ஒன்பது வீட்டார் கொடுத்த நற்சான்று

பெரியதம்பியைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. அதனால் இந்த எழுத்தில் கசப்பு இருக்கும். இனிப்பாக எழுதத் தெரிந்தவர்கள் வேறு யாரையாவது பற்றி எழுதிக்கொள்ளட்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் அவர் உதவியாளர். இருபத்தெட்டு வருட வேலை. நான் அதே கட்டடத்தில் கிளார்க். என் பெயர் சண்முகநாதன், வீடு அம்பிட்டியில். பெரியதம்பியைப் போலக் கவனமான மனிதரை நான் கண்டதில்லை. போத்தலில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டாமல் ராக்கையில் வைக்க மாட்டார். சாயங்காலம் பூட்டிவிட்டுப் போகும்போது கேஸ் குழாயை மூன்று தரம் திருகிப் பார்ப்பார். ஆய்வுகூடத்துச் சாமான் எல்லாவற்றிலும் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைத்திருப்பார். எங்கள் ஸ்டூல் ஒன்று காணாமல் போய் வேறு எங்காவது அகப்பட்டால், காலைத் தூக்கிப் பார்த்தால் போதும், மஞ்சள் இருக்கும்.

அவர் பிறந்தது ஹந்தானைப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில். அப்பா, அப்பாவுடைய அப்பா, அவருக்கு முந்தியவர்கள் எல்லோரும் கம்பெனி கட்டிக் கொடுத்த ஓர் அறையில் பிறந்து அதே அறையில் செத்தவர்கள். தகரம் ஒழுகினால் தோட்டத்து மேசன் வந்து தார் பூசிவிட்டுப் போவார். அந்த மேசன் நல்லவரா கெட்டவரா என்று யாரும் யாரிடமும் விசாரித்ததில்லை. விசாரித்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஆகவே குண்டசாலையில் பத்துப் பேர்ச் காணி வாங்கி, வீடு கட்டத் தீர்மானித்தபோது, வீட்டைப் பொறுப்பெடுத்துக் கட்டித் தருகிற ஒரு பாஸை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்லிக் கொடுக்க அவருடைய பரம்பரையிலேயே ஓர் ஆள் இல்லை.

"வீடு ஒரு தரந்தாண்ணே கட்டலாம். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ரெண்டாவது தரம்னு ஒண்ணு கெடையாது" என்று என்னிடம் சொன்னார். சேமலாப நிதி, வங்கிக் கடன், மனைவி அழகம்மாவின் நகை, எல்லாம் அந்த ஒரு தரத்துக்குள் போய்விட்டன. காணியோ சரிவு. பின்னால் மண்ணை வெட்டித்தான் வீட்டை வைக்க வேண்டும், வெட்டின மண்ணைத் தாங்க ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவர் ஒழுங்காக இருந்தால்தான் வீடு வீடாக இருக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

எனவே ஆய்வுகூடத்தில் செய்வதைப் போலவே இதையும் செய்தார். ஒரு கொப்பி வாங்கினார். கேள்விகளை எழுதினார். அத்திவாரம் எத்தனை அடி, மழையில் எங்காவது கசிந்ததா, சொன்ன நாளுக்கு வேலையாட்கள் வந்தார்களா, சாமான் களவு போனதா, வாய்த்தர்க்கம் உண்டா. மொத்தம் பதினாறு கேள்விகள். பாஸ்மாரைக் கேட்டால் தங்களைத் தாங்களே புகழ்வார்கள், வீட்டுக்காரர்களைத்தான் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தார். இதில் தப்புக் கண்டுபிடிக்க யாரால் முடியும்?

முதலில் விசாரித்தது கம்பளையில் கறுப்பையா என்ற பாஸை. அறுபது வயது, எந்நேரமும் வாயில் வெற்றிலை. அவர் கட்டின இரண்டு வீடுகளைப் பெரியதம்பி போய்ப் பார்த்தார். முதல் வீட்டு அம்மா வாசலிலேயே தொடங்கிவிட்டாராம். "அந்த மனுசனா? வாயத் தொறந்தா ஊத்த வார்த்தை. சொன்னதுக்கு மூணு மாசம் பிந்தித்தான் முடிச்சான். எம் புருசனோட சண்ட புடிச்சு ஒரு வாரம் வேலைக்கே வரல." இரண்டாவது வீட்டுக்காரர் ஜன்னல் ஒன்று அரை அங்குலம் சாய்வு என்று கொண்டுவந்து காட்டினார். பெரியதம்பி கொப்பியில் இரண்டு குறைகளையும் எழுதி, கறுப்பையாவின் பெயரைக் கோடு போட்டு வெட்டிவிட்டார்.

அடுத்தவன் ஜீவன். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, தொலைபேசியில் வீட்டுப் படங்கள், எதற்கெடுத்தாலும் "செஞ்சிருவோம் ஐயா." பெரியதம்பி விசாரிக்க வேண்டும் என்று சொன்னவுடன் முகம் சுளிக்காமல் ஒரு கடுதாசியில் ஒன்பது வீட்டு முகவரிகளை எழுதிக் கொடுத்தான். "நான் சொல்றத நம்ப வேணாங்க. அவங்களையே போய்க் கேளுங்க." ஒன்பது வீட்டைத் தைரியமாகக் காட்டுகிறவன் கள்ளனாக இருக்க மாட்டான் என்று பெரியதம்பிக்குத் தோன்றியது.

ஒன்பதாவது முகவரி என்னுடையது.

இனி என் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லவே கூசுகிறது. ஜீவன் எனக்கு மாடி வீடு கட்டித் தந்தான், வெளியிலிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பின்னால் கக்கூஸ் குழிக்குக் கொங்கிரீட் மூடி போடாமல் போய்விட்டான். "அடுத்த வாரம் வாறேன் ஐயா" என்று போனவன், பதினான்கு மாதம் வரவில்லை. நாங்கள் இரண்டு பழைய தகரமும் ஒரு பலகையும் போட்டு, மேலே கல் வைத்து மூடியிருந்தோம். வெயில் அடித்தால் ஒரு நாற்றம், மழை பெய்தால் இன்னொரு நாற்றம். பின்கதவைத் திறக்க முடியாது. சோற்றுக் கோப்பையைச் சுற்றி அந்தக் குழியின் ஈக்கள் பறக்கும். என் மனைவி பாலாம்பிகை சில நாள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு சமைத்தாள். சொந்தக்காரர்கள் வருவதாகச் சொன்னால் வீட்டில் காய்ச்சல் என்று பொய் சொன்னோம்.

வேறு ஒரு மேசனைக் கூப்பிட்டு மூடியைப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கூப்பிட்டேன். இன்னொருவன் தொட்ட வேலையில் கை வைக்க மாட்டேன் என்று இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்கள். இந்தப் பக்கத்தில் பாஸ்மாருக்கு அது ஒரு மானப் பிரச்சினை. பிழை வந்தால் யார் தலையில் போடுவது என்ற பயமும் உண்டு. கடைசியில் ஜீவன்தான் கதி என்று கிடந்தோம்.

அப்படிக் கிடந்தபோது ஒரு சனிக்கிழமை காலை ஜீவன் தொலைபேசியில் பேசினான்.

"ஐயா, உங்க கூட வேல செய்ற பெரியதம்பி நாளைக்கு உங்க வீட்டுக்கு வருவாரு. ஒரு வார்த்த நல்லதா சொல்லிருங்க. அந்த வேல கெடைச்சா, ஆளுங்க சாமான் எல்லாம் கையோட இருக்கும். ஒங்க குழி மூடியையும் அதோட சேத்து முடிச்சுத் தந்துருவேன்."

நான் யோசித்தேன் என்று எழுதினால் அது பொய். நான் யோசிக்கவே இல்லை. "சரி, சரி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் பெரியதம்பி ஒரு சீப்பு ஆனமாலு வாழைப்பழத்தோடு வந்தார். பாலாம்பிகை அரை மணி நேரத்துக்கு முன்பே மூன்று அறைகளிலும் சாம்பிராணி போட்டிருந்தாள். வீடு புகைமூட்டமாக இருந்தது. அவர் உள்ளே வந்து இருமிவிட்டு, "இந்த நேரத்துலயும் சாம்பிராணி போடுறீங்க. நல்ல வீடுண்ணே" என்றார். பக்தி என்று நினைத்துக்கொண்டார் போலும். கதிரையின் நுனியில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். நான் பதினாறுக்கும் பதில் சொன்னேன். அத்திவாரம் பரவாயில்லை, கசிவு இல்லை, வாய்த்தர்க்கம் இல்லை. அவற்றில் பாதி உண்மையும்தான்.

கடைசியில் பேனாவை மூடிவிட்டு, "கேள்விய விடுங்க. மனசுல ஏதாவது கொற இருக்காண்ணே?" என்றார்.

"ஒரு கொறையும் இல்ல. தாராளமா குடுங்க" என்றேன்.

"பின்பக்கத்த ஒரு தரம் பாத்துக்கிறேனே."

நான் வாயைத் திறப்பதற்குள் பாலாம்பிகை சொன்னாள்: "பின்னால நாய் கட்டியிருக்கு தம்பி. ஆளக் கண்டா பாயும்."

எங்கள் வீட்டில் நாயே கிடையாது. பெரியதம்பி நாய்க்குப் பயந்தவர் என்று நான்தான் என்றோ ஒருநாள் சிரித்துக்கொண்டே அவளிடம் சொல்லியிருந்தேன். அவர் எழுந்து, வாழைப்பழச் சீப்பை மேசையில் நேராக வைத்துவிட்டு, இரண்டு பேரையும் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் பாலாம்பிகை கதிரையில் விழுந்து, "சீ, என்ன பொழப்பு இது" என்றாள். ஆனாலும் அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வாழைப்பழத்தை நாங்கள் சாப்பிட்டோம்.

வேலை ஜீவனுக்குப் போயிற்று. ஒன்பது வீட்டிலும் ஒரு குறைகூட இல்லாத பாஸ் என்று பெரியதம்பி ஆய்வுகூடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் சாமான் வீட்டுக்காரர் வாங்கிப் போட வேண்டும், பாஸ் ஆட்களைக் கொண்டு வேலையை முடிக்க வேண்டும், அதுதான் பேச்சு. பெரியதம்பி கம்பி வந்து இறங்கிய அன்றே லீவு போட்டு, ஒவ்வொரு கம்பியின் இரண்டு நுனியிலும் மஞ்சள் பெயின்ட் வைத்தார். ஆபீசில் நாங்கள் சிரித்தோம். "ஸ்டூலு மாதிரி கம்பியும் எந்திரிச்சு நடந்து போயிருமா?" என்று நானே கேட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் என் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு சின்ன லொறி வந்து நின்றது. ஜீவனுடைய ஆட்கள் இருவர் சீமெந்து மூடை சிலவும் ஒரு கட்டுக் கம்பியும் இறக்கினார்கள். கம்பிகளின் நுனியில் மஞ்சள். நான் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணவும் செய்தேன், பதினான்கு. அந்த ஆட்களுக்குப் பாலாம்பிகை தேத்தண்ணீர் ஊற்றினாள். நான் பிஸ்கட் வாங்கி வந்து கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் கம்பியை வெட்டிக் கட்டி, கொங்கிரீட் போட்டு, மூடி வேலை முடிந்துவிட்டது. மூன்று நாள் கழித்து நாற்றம் நின்றது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு பாலாம்பிகை பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சமைத்தாள். அன்று ரசம் நன்றாக இருந்தது என்று நான் இரண்டு தரம் ஊற்றிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

பெரியதம்பி தைப்பொங்கலுக்கு மறுநாள் பால் காய்ச்சினார். மூன்று அறை, உட்கார ஒரு சாலை, பின்னால் சமையலறை. சமையலறை ஜன்னலிலிருந்து கை எட்டும் தூரத்தில் மண்ணைத் தாங்கும் சுவர், எட்டு அடி உயரம், வெள்ளை அடித்திருந்தது. பின்வாசல் கதவும் கூரைத் தண்ணீர் ஓடும் பீலியும் மட்டும் பாக்கி. "பக்கத்துல ஒரு வேல கெடைச்சதும் வந்து மாட்டித் தந்துருவேன்" என்று ஜீவன் சொன்னதாக அழகம்மா சொன்னார். அதே பேச்சை நானும் கேட்டவன். ஆனாலும் வீட்டைச் சுற்றிப் பார்த்து, "அருமையா இருக்கு" என்றேன்.

அந்த வருடம் ஐப்பசி மழை தொடர்ந்து நான்கு நாள் பெய்தது. ஐந்தாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அந்தச் சுவர் வயிறு தள்ளி, சமையலறை ஜன்னலோடு சேர்ந்து உள்ளே விழுந்தது. மகள் கிருஷாந்தி உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, சமையலறை மேசையில்தான் எந்நேரமும் படிப்பாள். அப்போது தொலைபேசி அடிக்க முன்னறைக்குப் போயிருந்தாள். அழகம்மா வெளிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். மேசை, அடுப்பு, அலுமாரி எல்லாவற்றுக்கும் மேல் மார்பளவு சேறு.

நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். மண்வெட்டி வாங்கி அள்ளினேன். அடுத்த இரண்டு நாளும் போனேன். உள்ளங்கை தோல் உரிந்தது. இப்படி அள்ளினால் ஏதோ கழியும் என்று நினைத்தேனோ என்னவோ. உடைந்த சுவர்த் துண்டுகளில் கம்பி வெளியே தெரிந்தது. ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவில் என் முழங்கை நீளம் இருந்தது. பெரியதம்பி அளவு நாடா கொண்டுவந்து, ஒவ்வொன்றாக அளந்து, அதே கொப்பியில் எழுதினார். சத்தம் போடவில்லை, யாரையும் சபிக்கவில்லை. எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் எந்தக் கேள்விய கேக்காம விட்டேன்னு தெரியலண்ணே."

அந்த மனிதர் என்னை ஓங்கி ஓர் அறை அறைந்திருக்கலாம். அதைத் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. மண்வெட்டியை வைத்துவிட்டு வாந்தி வருகிறது என்று சொல்லி வெளியே வந்தேன். உண்மையாகவே வந்தது.

அடுத்த நாள் எனக்கு வெறி பிடித்தாற்போல இருந்தது. மற்ற எட்டு வீட்டாரையும் போய்க் கேட்க வேண்டும், மனுசரா நீங்கள் என்று கேட்க வேண்டும் என்று கிளம்பினேன். முதல் வீடு கட்டுகஸ்தோட்டையில். அந்த வீட்டு ஐயா என்னைக் கண்டதும் ஜீவனிடம் வேலை கொடுக்க விசாரிக்க வந்தவன் என்று நினைத்துக்கொண்டார். கதிரை போட்டார். "தங்கமான பொடியன். ஒரு கொற சொல்ல முடியாது" என்று தொடங்கினார். அவருடைய தலைக்கு மேல் மாடிக்குப் போகும் படிக்குக் கைப்பிடி இல்லை, கயிறு கட்டியிருந்தது. இரண்டாவது வீட்டில் குளியலறைக்குக் கதவு இல்லை, போர்வை தொங்கியது. அங்கேயும் அதே சிரிப்பு, அதே தங்கமான பொடியன். மூன்றாவது வீட்டு வாசலில் நின்று மேலே பார்த்தேன். தண்ணீர்த் தாங்கி வைக்கக் கட்டிய தூண்கள் நான்கும் தாங்கி இல்லாமல் வானத்தைப் பார்த்து நின்றன. நான் உள்ளே போகவில்லை, திரும்பிவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் கறுப்பையா பாஸின் நினைவு வந்தது. அந்தக் கம்பளை வீட்டு அம்மா வாசலிலேயே நின்று அவரைத் திட்டினாரே, ஏன் திட்ட முடிந்தது? கறுப்பையா வேலையை முழுவதும் முடித்துவிட்டுப் போய்விட்டார். அவரிடம் அந்த அம்மாவுக்கு இனி ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஆகவே வாய் நிறையத் திட்டலாம். ஜீவனோ ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வேலையை மிச்சம் வைத்துவிட்டுப் போகிறவன். அவனைத் திட்டினால் கதவு வராது, தாங்கி வராது, குழிக்கு மூடி வராது. ஒன்பது வீட்டாரும் வாயில் தேனைத் தடவிக்கொண்டு, அடுத்த ஆள் எப்போது வந்து விழுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியதம்பி குறை சொல்லப்பட்டவரை வெட்டிவிட்டு, குறையே இல்லாதவனை எடுத்தார். தன் கவனத்தாலேயே கெட்டுப்போனார்.

ஜீவனைத் தென்னக்கும்புரையில் ஒரு வேலைத்தளத்தில் பிடித்தேன். வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அமைதியாகக் கேட்டான்.

"நான் அவருகிட்ட என்ன பொய் சொன்னேன் ஐயா? ஒம்போது விலாசம் குடுத்தேன். பொய் சொன்னது நீங்கதானே."

"என் வீட்டுக்கு எதுக்குடா அவரு கம்பியக் கொண்டுவந்த?"

"நீங்கதானே நின்னு பாத்தீங்க. தேத்தண்ணி கூட குடுத்தீங்க." பிறகு, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வது போலக் குரலைத் தணித்தான். "நீங்க பயப்படாதீங்க. அவருக்கு இது புதுசு இல்ல. கம்பி கொறைஞ்ச அன்னிக்கே எண்ணிப் பாத்துட்டு என்கிட்ட கேட்டாரு. சண்முகம் ஐயா வீட்டு கக்கூஸ் குழிக்கு எடுத்தேன், திரும்ப வாங்கிப் போட்டுர்றேன்னு சொல்லிட்டேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"அதுக்குத்தான் சாம்பிராணியான்னு கேட்டாரு. அப்புறம், பாவம், அந்த அம்மா எவ்வளவு நாள் கஷ்டப்பட்டாங்களோன்னாரு. கம்பிய மட்டும் சுவர் எழும்புறதுக்குள்ள வாங்கிப் போட்டுருன்னாரு. நானும் வாங்கிப் போட்டுட்டேன்னு சொல்லிட்டேன்."

போட்டானா இல்லையா என்பது இடிந்த சுவரிலேயே தெரிந்தது. ஜீவன் மேலும் சொன்னான். மடவளையிலிருந்து ஓர் உம்மாவும் மகனும் வீடு கட்ட ஆள் தேடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பெரியதம்பியின் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். அவர் வாயால் நல்லதாக ஒரு வார்த்தை வந்தால், அந்த வேலை தொடங்கின கையோடு குண்டசாலைச் சுவரை இந்தத் தரம் ஒழுங்காகக் கட்டித் தருவான். பெரியதம்பியிடமும் சொல்லியாயிற்று. "நீங்களும் பக்கத்துல இருந்தா நல்லம் ஐயா."

கார்த்திகை மழைக்கு மூன்று வாரம் இருந்தது. சமையலறைக்குப் பக்கத்து அறைதான் கிருஷாந்தி படுக்கிற அறை. வெட்டின மண் அப்படியே பச்சையாக நின்றது. ஜீவன் நீல நிறத் தறப்பாள் ஒன்றை மேலிருந்து கீழே தொங்கவிட்டிருந்தான். வேறு பாஸ் யாரும் தொட மாட்டான், தொட்டாலும் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. சுவர் வர ஒரே வழி, பெரியதம்பி ஒரு பொய் சொல்வது.

நான் போனேன். எதற்குப் போனேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதர் பொய் சொல்வதை என் காதால் கேட்க வேண்டும் என்று போனேன். அவரும் ஒரு தரம் சொல்லிவிட்டால் நானும் அவரும் சமம். அப்புறம் நான் நிம்மதியாகச் சோறு சாப்பிடலாம். இவ்வளவு கேவலமான ஓர் ஆசை என் வயிற்றுக்குள் இருந்தது.

பத்து மணிக்கு ஆஸியா உம்மாவும் மகன் தாஸிமும் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார்கள். உம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், முழங்கால் வலியோ என்னவோ, சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். தாஸிம் மடவளையில் சப்பாத்துக் கடை வைத்திருக்கிறவன். அழகம்மா தேத்தண்ணீர் கொடுத்தார். தாஸிம் கூரையை, நிலத்தை, ஜன்னலை எல்லாம் பார்த்து, "வேல நல்லாத்தான் ஈக்கி உம்மா" என்றான்.

உம்மா பெரியதம்பியைப் பார்த்தார். "தம்பி, எங்கட ஊட்டுக்கார் மௌத்தாகி ரெண்டு வருசம். அவர் சேத்து வச்சதுல இந்த ஒரு ஊடுதான் கட்டுற. ஒங்கட வாயால சொல்லுங்கோ. இந்த ஜீவன நம்பிக் குடுக்கலாமா?"

பெரியதம்பி எழுந்து, "இங்க வாங்க உம்மா, மெதுவா" என்று சமையலறைக்குக் கூட்டிப்போனார். நானும் பின்னால் போனேன். சேற்றை அள்ளிக் கழுவியும் சுவரில் மார்பளவுக்குக் கறை இருந்தது. ஜன்னல் இருந்த ஓட்டை வழியாகக் கையை விட்டு, நீலத் தறப்பாளைப் பிடித்து இழுத்தார். அது மண்ணோடு சறுக்கி விழுந்தது. பின்னால் சிவப்பு மண், நடுவில் அறுந்த வேர்கள், கீழே சுவரின் உடைந்த பல்.

"நம்பிக் குடுக்காதீங்க உம்மா" என்றார். கொப்பியைத் திறந்து அளவுகளைக் காட்டினார். கம்பி எப்படிக் குறைந்தது, மகள் எங்கே உட்கார்ந்து படித்தாள், எத்தனை மணிக்கு விழுந்தது, எல்லாவற்றையும் ஆய்வுகூடத்துக் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். அழகம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அந்தச் சுவர் இனி வராது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

தாஸிம் கோபத்தில் சிவந்துவிட்டான். "நீங்க விசாரிக்காமயா இவன எடுத்தீங்க?"

"விசாரிச்சேன் தம்பி. ஒம்போது வீட்டுக்குப் போனேன். ஒம்போது பேரும் நல்லவன்னுதான் சொன்னாங்க."

உம்மா "யா அல்லாஹ்" என்று நெஞ்சில் கை வைத்தார். "ஒம்பது பேருமா? அவங்கட ஊட்டுலயும் புள்ள குட்டி ஈக்கும்தானே. எப்பிடி மனசு வந்திச்சு?" பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "நீங்க ஆரு, மகன்? நீங்களும் இவன்ட்ட ஊடு கட்டினவரா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு இனி ஒரு காலத்திலும் வரப்போவதில்லை. ஜீவனிடம் எனக்கு மிச்ச வேலை எதுவும் கிடையாது. குழி மூடியாயிற்று. யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. அப்படியிருந்தும் என் வாய் தன்பாட்டில் திறந்துகொண்டது.

"இல்ல உம்மா. நான் இவர் கூட வேல செய்றவன். சும்மா வந்தேன்."

சொன்ன பிறகு பெரியதம்பியைப் பார்த்தேன். அவர் கொப்பியை மூடிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த உம்மா என் முகத்தில் காறித் துப்பியிருப்பார். துப்பட்டும் என்றுகூட ஒரு கணம் இருந்தது.

"ஆமா உம்மா" என்றார் பெரியதம்பி. "சுவர் விழுந்தப்ப மொத ஆளா ஓடி வந்தது இந்த அண்ணன்தான். மூணு நாளு மண்ணு அள்ளுனாரு. கையப் பாருங்க, இன்னும் ஆறல."

உம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பி, தோல் உரிந்த உள்ளங்கைகளைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கிவிட்டது. "அல்லா ஒங்களுக்கு நல்ல கூலி தருவான் மகன்" என்று சொல்லி, அந்தக் கைகளைத் தன் இரண்டு கைகளாலும் மூடிப் பிடித்துக்கொண்டார். நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் விடவில்லை.